தட்டில் அழியும் கிருமியும் காலில் ஆறும் புண்ணும்

வேப்பிலை, துளசி, குப்பைமேனி முதலிய மூலிகைகளின் சாற்றால் வெள்ளி நானோ துகள்களை உருவாக்கலாம். அவை பாக்டீரியாக்களை அழிக்கும் என்னும் செய்திகளை இதழ்களில் அடிக்கடி காண்கிறோம். அவற்றைப் படிப்பவர்களுக்கு, "அப்படியாயின் இலைச்சாற்றையே புண்ணில் இடலாமே" என்று தோன்றுவது இயல்பு. எண்ணூர்க் கழிமுகத்தில் வலைவீசி வாழும் நெட்டுக்குப்பம் போன்ற ஊர்களில் இந்த எண்ணம் ஆபத்தாக முடியலாம்.

இந்த ஆய்வுகள் போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் வேப்பிலைச் சாற்றைக் கொண்டு இத்துகள்களை உருவாக்கி, 2004-இல் வெளியிட்டனர். வெள்ளி நைட்ரேட் கரைசலிலுள்ள வெள்ளி அயனிகளை இலைச்சாற்றின் சேர்மங்கள் உலோக வெள்ளியாக மாற்றுகின்றன. கரைசல் பழுப்பு நிறம் அடைகிறது. 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள இத்துகள்களிலிருந்து கசியும் அயனிகள் பாக்டீரியாவின் உறையையும் புரதங்களையும் சிதைக்கின்றன. ஆகவே, இங்கே கிருமியை முதன்மையாக அழிப்பது வெள்ளியே. வீட்டில் அரைத்த பச்சிலையில் அந்த வெள்ளி இல்லை. மண்ணும் கிருமியும் இருக்கக்கூடும்.

ஆய்வகத் தட்டில் கிருமி மட்டுமே இருக்கிறது. புண்ணிலோ குருதியும் சீழும் உப்பும் உள்ளன. அவை வெள்ளியைப் பிணைத்து அதன் ஆற்றலைக் குறைக்கின்றன. அளவு மிகுந்தால், புண்ணை ஆற்றும் நம் தோல் செல்களையும் வெள்ளி பாதிக்கும். வெள்ளி கலந்த நீரைத் தொடர்ந்து பருகினால் தோல் நிலையாக நீலச்சாம்பல் நிறமடையும். தீக்காயங்களுக்கு நாங்கள் தரும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பிலும் வெள்ளிதான் உள்ளது. ஆனால் அது 1960-களிலிருந்து நோயாளிகளிடம் சோதித்து அளவு வரையறுக்கப்பட்ட மருந்து. மூலிகைவழித் துகள்களும் அத்தகைய மருத்துவச் சோதனைகளைக் கடந்து வரட்டும், மகிழ்ந்து வரவேற்போம்.

அதுவரை செய்ய வேண்டியது எளிது. கிளிஞ்சலோ மீன் முள்ளோ கிழித்த காயத்தைத் தூய குழாய்நீராலும் சோப்பாலும் நன்கு கழுவுங்கள். தனுர்வாதத் தடுப்பூசி தேவையா என்று கேட்டறியுங்கள். உவர்நீரில் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்களுள் சில, நீரிழிவு அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்களின் காயத்தில் புகுந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடும். சிவப்பு பரவினாலோ, கொப்புளம் தோன்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பச்சிலை கட்டிக் காத்திருக்கும் ஓர் இரவில், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்க நேரிடலாம்.