நூறு விழுக்காடு என்றால், எத்தனை பேரில்?

மே முதல் தேதி நமக்குத் தொழிலாளர் தினம். அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அதற்கு வேறு பொருள் உண்டு. எந்தக் கல்லூரியில் சேரப் போகிறோம் என்று சொல்லி முன்பணம் கட்ட வேண்டிய வழக்கமான கடைசி நாள் அது. அந்த வாரத்தில் பள்ளி மண்டபங்களில் விழா நடக்கும். பிள்ளைகள் தாங்கள் சேரும் கல்லூரியின் பெயர் பொறித்த டீ-சட்டை அணிந்து மேடையேறுவார்கள். பெற்றோர் கண்கலங்குவார்கள். மறுநாள் உள்ளூர்ச் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வரும்: "எங்கள் மாணவர்களில் 100 விழுக்காட்டினருக்குக் கல்லூரியில் இடம்."

இந்த வரியை அதிகம் சொல்பவை சார்ட்டர் பள்ளிகள். நம் வாசகர்களுக்கு இது புதிய பெயராக இருக்கலாம். சார்ட்டர் பள்ளி அரசாங்கப் பணத்தில் நடப்பது. மாணவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் நிர்வாகம் தனி வாரியத்தின் கையில் இருக்கும். பகுதி நிதியுதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் நிலம் தோட்ட நிர்வாகத்துடையது, ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது என்று பார்த்திருக்கிறோம். அங்கே ஆசிரியரை வேலைக்கு எடுப்பதும் பாட நேரத்தை வகுப்பதும்கூட வாரியம்தான். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் நடத்தித்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். 1991இல் மினசோட்டா மாநிலம் முதல் சட்டத்தை இயற்றியது. இன்று ஏறக்குறைய 37 லட்சம் பிள்ளைகள் இப்படிப்பட்ட பள்ளிகளில் படிக்கிறார்கள். பெருநகரங்களில் இவர்களில் பெரும்பாலோர் வசதி குறைந்த கறுப்பின, ஹிஸ்பானியக் குடும்பத்துப் பிள்ளைகள்.

பள்ளி வாசலில் பேனர் கட்டும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்படும்வரை, எத்தனை ஏ என்பதை வைத்துத்தானே தமிழ்ப்பள்ளிகளை எடைபோட்டோம்? கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றி அந்தப் பேனர் எதுவும் சொல்லாது. அமெரிக்கப் பேனரும் அப்படித்தானா என்பதுதான் இப்போது கேள்வி.

சிகாகோவிலிருந்து தொடங்குவோம். நகரின் தென்பகுதியில் இங்கிள்வுட் என்ற வட்டாரம் இருக்கிறது. வறுமைக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் பெயர்போன இடம். அங்கே 2006இல் அர்பன் பிரெப் அகாடமி என்ற சார்ட்டர் உயர்நிலைப்பள்ளி தொடங்கப்பட்டது. ஆண்கள் பள்ளி. படித்தவர்கள் எல்லாரும் கறுப்பினப் பையன்கள். கோட்டும் சிவப்பு டையும் அணிந்து வர வேண்டும். கல்லூரியிலிருந்து ஏற்புக் கடிதம் வந்த மாணவர் அந்த டையைக் கழற்றிவிட்டு, சிவப்பும் தங்கமும் கலந்த கோடு போட்ட டையைக் கட்டிக்கொள்வார். 2010 மார்ச்சில் முதல் அணியின் 107 பேரும் அந்தக் கோட்டு டைக்கு மாறினர். 107 பேருக்கும் நான்காண்டுக் கல்லூரிகளில் இடம். மேயரே பள்ளிக்கு வந்து வாழ்த்தினார், நாடு முழுவதும் பேச்சானது. இந்தப் பையன்கள் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தபோது, தங்கள் வகுப்புக்குரிய தரத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 4 பேர்தான். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மேயர் வந்ததில் தப்பே இல்லை.

ஆனால் அந்த அணி தொடங்கியபோது ஏறக்குறைய 150 பேர் இருந்தனர். மீதிப்பேர் எங்கே? வீடு மாறிப் போனவர் இருப்பார், வேறு பள்ளிக்குப் போனவர் இருப்பார், படிப்பையே விட்டவரும் இருக்கலாம். விரட்டிவிட்டார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். கணக்கு மட்டும் மாறிவிடுகிறது. 107இல் 107 என்றால் நூறு விழுக்காடு. 150இல் 107 என்றால் எழுபத்தொன்று. அந்த வட்டாரத்துக்கு எழுபத்தொன்றே பெரிய எண்தான், அதையே பெருமையாகச் சொல்லியிருக்கலாம். நூறு என்ற எண்ணுக்குத்தான் கேமராக்கள் வருகின்றன.

முன்பு சார்ட்டர் பள்ளிகளை ஆதரித்து, பிறகு கடுமையாக விமர்சிக்கத் தொடங்கியவர் கல்வி வரலாற்றாசிரியர் டயான் ராவிச். இதே பள்ளியில் மாநிலத் தேர்வில் தேறியவர்கள் 17 விழுக்காடுதான் என்று 2011இல் நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதினார். நான்கு ஆண்டில் எட்டியது எவ்வளவு, இன்னும் எட்டாதது எவ்வளவு என்று இரண்டையும் அந்த 17 சொல்கிறது. மாநிலத் தேர்வில் தேறாத மாணவருக்கும் நான்காண்டுக் கல்லூரி இடம் கொடுக்கிறது என்றால், அந்த ஏற்புக் கடிதத்தின் எடை என்ன?

இங்கேதான் அமெரிக்கக் கல்லூரி முறையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் நூறு பேரில் நாலைந்து பேரைத்தான் எடுக்கின்றன. அவற்றைப் பற்றி மட்டுமே படித்துவிட்டு, அங்கே எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்குள்ள நான்காண்டுக் கல்லூரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை, விண்ணப்பிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோரை ஏற்றுக்கொள்கின்றன. உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று வருவோரையெல்லாம் சேர்க்கும் கல்லூரிகளும் உண்டு. விண்ணப்பிப்பதும் சுலபம். காமன் அப்ளிகேஷன் என்ற ஒரே பாரத்தை நிரப்பினால் 20 கல்லூரிகள்வரை அனுப்பலாம். வசதியற்றவருக்குக் கட்டண விலக்கும் கிடைக்கும். கறுப்பினத்தவருக்கென வரலாற்றில் உருவான கல்லூரிகளுக்குத் தனிப் பொது விண்ணப்பம் இருக்கிறது. 20 டாலருக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு அது போய்ச் சேரும்.

ஆக, ஒரு பள்ளி மனம் வைத்தால், ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளையும் விண்ணப்பிக்க வைத்தால், ஆளுக்கு ஒரு கடிதமாவது வந்துவிடும். இது மோசடி அல்ல. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கொடுப்பதே பெரிய உதவி. ஆனால் அது பள்ளியின் உழைப்புக்குச் சான்றே தவிர, மாணவரின் தயார் நிலைக்குச் சான்றாகாது. எஸ்பிஎம் முன்னோட்டத் தேர்வு முடிவை வைத்தே தனியார் கல்லூரிகள் நம் வீட்டுக்குக் கடிதம் அனுப்புகின்றனவே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் உண்மையானதுதான். ஆனால் அதை வைத்து அந்தப் பிள்ளையின் பள்ளியை எடைபோடுவோமா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஹியூஸ்டனில் தொடங்கிய யெஸ் பிரெப் என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமம், நான்காண்டுக் கல்லூரியில் இடம் பெறுவதைப் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கே ஒரு நிபந்தனையாக வைத்திருந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் கடிதம் இல்லாதவர் பட்டியலிலேயே இல்லை என்றானபின், பட்டியலில் உள்ள எல்லாரிடமும் கடிதம் இருப்பதில் என்ன வியப்பு? விதியை எழுதும்போதே நூறு விழுக்காடும் எழுதியாகிவிட்டது.

நியூயார்க்கின் சக்சஸ் அகாடமி தேர்வு மதிப்பெண்களில் பணக்காரப் புறநகர்ப் பள்ளிகளையே முந்துகிறது. அதை யாரும் மறுக்க முடியாது. 2006இல் முதல் அணியாக 73 பிள்ளைகள் சேர்ந்தனர். 2018இல் அந்தப் பள்ளியின் முதல் உயர்நிலை அணி பட்டமளிப்பு மேடையேறியபோது இருந்தவர்கள் 16 பேர். பதினாறு பேருக்கும் நல்ல கல்லூரிகள். நான்காம் வகுப்புக்குமேல் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்ற கொள்கையும் அவர்களுக்கு அப்போது இருந்தது. போனவர் போக, இருப்பவர் தேறுகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் இடம் மாறுவார்கள், பன்னிரண்டு ஆண்டு நீண்ட காலம், அதுவும் ஒரு தொடக்க அணி என்றெல்லாம் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியும் 16ஐ 73 பக்கத்தில் வைத்துக் காட்டாத விழாச் செய்தி முழுச் செய்தியாகாது.

சார்ட்டர் பள்ளிகளை மட்டும் குறைசொல்வது முறையல்ல. இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் வழிதவற வைக்கும் என்பதற்கு மோசமான உதாரணம் ஒரு சாதாரண அரசாங்கப் பள்ளி. தலைநகர் வாஷிங்டனில் உள்ள பலூ உயர்நிலைப்பள்ளி. 2017இல் அங்கே பட்டம் பெற்ற 164 பேருக்கும் கல்லூரியில் இடம் என்று கொண்டாடினார்கள். பிறகு அந்நாட்டுப் பொது வானொலி உள்ளே நுழைந்து விசாரித்தது. பட்டம் பெற்றவர்களில் பாதிப்பேர் அந்த ஆண்டு மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் பள்ளிக்கே வரவில்லை. நகரம் முழுவதும் விசாரணை நீண்டது. அந்த ஆண்டு அரசாங்கப் பள்ளிகளில் பட்டம் பெற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு விதியை மீறிச் சான்றிதழ் தரப்பட்டது என்று 2018 ஜனவரியில் தெரியவந்தது. எண்ணை உயர்த்தச் சொன்னார்கள், எண் உயர்ந்தது.

சரி, கடிதம் வந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? மே மாதத்தில் சேர்கிறேன் என்று சொன்ன பிள்ளைகளில் 10 முதல் 20 விழுக்காட்டினர் செப்டம்பரில் எந்தக் கல்லூரியிலும் இருப்பதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஏழை வீடுகளில் இது இன்னும் அதிகம். முன்பணம், விடுதிக் கட்டணம், உதவிநிதி பாரத்தில் கேட்கும் வருமான ஆதாரம் என்று கோடை விடுமுறையில் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். அப்போது பள்ளி ஆலோசகரும் விடுமுறையில் இருப்பார். ஏழை மாணவருக்கான மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2023-24இல் அதிகபட்சமே 7,395 டாலர். பல கல்லூரிகளின் ஆண்டுச் செலவில் அது ஒரு மூலைக்குத்தான் வரும். மீதியைக் கடன் வாங்க வேண்டும்.

இந்த விஷயத்தில் என்னை உறுத்துவது அந்தக் கடன்தான். பிடிபிடிஎன் கடிதம் வரும் வீட்டினருக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டத்தோடு வெளியே வருபவர் எப்படியாவது கட்டிவிடுகிறார். இரண்டு ஆண்டு படித்துவிட்டு, கணக்குப் பாடத்தில் தடுமாறி, பட்டமில்லாமல் திரும்புபவர்தான் கட்ட முடியாமல் தவிக்கிறார். அவர் கடன் தொகை பெரும்பாலும் சிறியது. ஆனால் அதைக் கட்டுவதற்கு வேண்டிய சம்பளம் இல்லை. 18 வயதில் அவர் மேடையேறிய படம் பள்ளிச் சுவரில் தொங்குகிறது. அந்தப் பள்ளியின் கணக்கில் அவர் இன்னமும் வெற்றிதான்.

இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்ட சார்ட்டர் குழுமமும் ஒன்று உண்டு. 1994இல் ஹியூஸ்டனில் இரண்டு இளம் ஆசிரியர்கள் தொடங்கிய கிப். தங்கள் நடுநிலைப்பள்ளியை முடித்துப் பத்து ஆண்டுகளுக்கு மேலான பழைய மாணவர்களை அது தேடிப்பிடித்து எண்ணியது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் 33 விழுக்காடு. 2011இல் அந்த எண்ணைத் தானே வெளியிட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் தேசிய விகிதம் அப்போது ஏறக்குறைய 8 விழுக்காடுதான், அதனால் அது நான்கு மடங்கு சாதனை. ஆனால் அவர்கள் வைத்திருந்த இலக்கு 33ஐவிட வெகு உயரத்தில் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னார்கள். கல்லூரிக்குப் போன பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்க ஆள்களையும் அமர்த்தினார்கள். கணக்கை எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கியதுதான் முக்கியம். உயர்நிலைப்பள்ளியின் கடைசி ஆண்டில் எஞ்சியவரை மட்டும் எண்ணியிருந்தால் இன்னும் அழகான எண் கிடைத்திருக்கும். 2023இல் மாத்தமாட்டிகா ஆய்வு நிறுவனம், பள்ளிச் சேர்க்கைக் குலுக்கலை அடிப்படையாக வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டது. கிப் நடுநிலை, உயர்நிலை இரண்டிலும் படித்தவர்கள் நான்காண்டுப் பட்டம் முடிக்கும் விகிதம் 19 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருப்பதாக அது சொல்கிறது. நடுநிலையோடு நின்றவர்களுக்கு அப்படிப் பெரிய பலன் தெரியவில்லை.

குலுக்கல் ஏன் முக்கியம் என்றால், அக்கறையுள்ள பெற்றோர்தான் சார்ட்டர் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்ற சந்தேகம் எப்போதும் இருக்கிறது. குலுக்கலில் வென்றவர், தோற்றவர் இரு தரப்புக்கும் அதே அக்கறையுள்ள பெற்றோர்தான். ஆகவே இருவரையும் ஒப்பிட்டால் பள்ளி செய்த வேலை தனியாகத் தெரியும். பிறகு 2021இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோஷுவா ஆங்ரிஸ்டும் சகாக்களும் பாஸ்டன் சார்ட்டர் உயர்நிலைப்பள்ளிகளை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். எஸ்ஏடி மதிப்பெண் உயர்ந்தது. இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போகக்கூடியவர்கள் நான்காண்டுக் கல்லூரிக்குப் போனார்கள். ஆகச் சார்ட்டர் பள்ளிகள் எல்லாம் வெறும் பேனர் என்று யாராவது சொன்னால், அதுவும் தவறு.

சிகாகோவுக்கே திரும்புவோம். அர்பன் பிரெப் ஆண்டுதோறும் நூறு விழுக்காடு என்று அறிவித்துவந்தது. அப்படியிருந்தும் நிதி, நிர்வாகக் குறைபாடுகளைக் காட்டி அதன் உரிமத்தைத் திரும்பப் பெற 2022 அக்டோபரில் நகரக் கல்வி வாரியம் வாக்களித்தது. பள்ளி நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைக் கோட்டு டைகளை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

அதே சிகாகோவில், பள்ளிவாரியாக எத்தனை பேர் கல்லூரியில் உண்மையாகவே சேர்ந்தார்கள், அடுத்த ஆண்டும் எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள் என்ற விவரத்தை நகரக் கல்வித்துறை பொதுவில் வெளியிடுகிறது. நாடு முழுவதும் கல்லூரிச் சேர்க்கையைப் பதிவு செய்யும் ஓர் அமைப்பு 1993 முதல் இயங்குகிறது. தன் பழைய மாணவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டு எந்தப் பள்ளியும் அதனிடம் சந்தா கட்டித் தகவல் பெறலாம். எட்டாம் வகுப்பு முடித்த பையனுக்குப் பள்ளி தேடும் இங்கிள்வுட் தாய் கேட்க வேண்டிய எண்கள் அங்கே இருக்கின்றன. அவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கண்ணில் படும் விளம்பரப் பலகையில் இருப்பது என்னவோ 100 மட்டும்தான்.