கைப்புண்ணுக்கும் கண்ணாடி வேண்டும்



கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். திறமை இருந்தால் அது தானே வெளிப்படும், அதை நாமே எடுத்துச் சொல்வது தற்பெருமை என்று பிள்ளைகளுக்கும் கற்பித்து வருகிறோம். பண்பு என்ற அளவில் அது நல்லதே. ஆயினும், அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு வடிவமைப்பாளராகி, தன் திறமையை முன்பின் அறியாத ஓர் அலுவலருக்குத் தாள்களைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய நாள் வந்தால், அந்த அடக்கம் மட்டும் துணைக்கு வராது.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டன. அங்கிருந்து ஈப்போவுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர் இன்று மருத்துவம், சட்டம் என்ற இரண்டு கனவுகளுக்கு அப்பால் சென்று, வரைகலை, கட்டடக்கலை, ஆடை வடிவமைப்பு, கைப்பேசிச் செயலிகளின் திரை வடிவமைப்பு ஆகிய துறைகளை நாடுகின்றனர். அவர்களுள் வெளிநாடு செல்ல எண்ணுவோரும் உண்டு. அவர்களிடம் கேட்கப்படுவது என்ன என்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நாமும் அறிந்திருப்பது நலம்.

அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், 'அசாதாரணத் திறன்' உடையோருக்கென நிரந்தர வசிப்புரிமையில் ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. இதற்கு வேலை தரும் முதலாளி தேவையில்லை. விண்ணப்பதாரர் தாமே மனுச் செய்யலாம். ஆனால், தம் துறையின் உச்சியை எட்டிய மிகச் சிலருள் தாமும் ஒருவர் என்பதை அவர் நிறுவ வேண்டும். உலக அளவில் அறியப்பட்ட பெரும்பரிசு ஒன்றைப் பெற்றிருந்தால் அதனையே காட்டலாம். இல்லையேல், விதிமுறை பட்டியலிடும் பத்து வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்றையேனும் காட்ட வேண்டும். பரிசு, தகுதி பார்த்துச் சேர்க்கும் சங்கத்தில் உறுப்பினர் தகுதி, தம்மைப் பற்றி ஊடகத்தில் வெளிவந்த கட்டுரை, பிறர் படைப்பை மதிப்பிடும் நடுவர் பணி, துறைக்குப் பெரிதும் பயன்பட்ட சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரை, கண்காட்சி, பெயர்பெற்ற நிறுவனத்தில் முதன்மைப் பொறுப்பு, துறையினரைக் காட்டிலும் உயர்ந்த ஊதியம், நிகழ்கலையில் வணிக வெற்றி ஆகியனவே அப்பத்து.

மூன்றைக் காட்டியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. 2010-இல் கசாரியன் என்ற இயற்பியலாளரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, குடிநுழைவு அலுவலகம் மனுக்களை இரண்டு படிகளில் ஆராயும் முறையைக் கைக்கொண்டது. முதலில் சான்றுகளை எண்ணுவார்கள். பின்னர் அவை அனைத்தையும் ஒருசேர வைத்து, இவர் உண்மையிலேயே உச்சியில் இருப்பவர்தாமா என்று எடைபோடுவார்கள்.

வடிவமைப்பாளருக்கு இது ஏனையோரைவிடக் கடினம். எழுத்தாளனின் பெயர் நூலின் அட்டையில் இருக்கும். ஆய்வாளனின் பெயர் கட்டுரையின் தலையில் இருக்கும். வடிவமைப்பாளனின் படைப்போ பிறர் பெயரில் உலவும். ஒரு பொட்டலத்தின் மேலட்டையையோ ஒரு செயலியின் திரையையோ ஆயிரமாயிரம் பேர் நாள்தோறும் பார்ப்பார்கள். யார் வரைந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பலர் கூடிச் செய்த வேலையாகவும் அது இருக்கும். வாடிக்கையாளரின் இரகசியம் காக்க வேண்டிய ஒப்பந்தமும் குறுக்கே நிற்கும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகையை அறியாதவர் நம்மில் இல்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் கட்டத் தொடங்கிய அம்மாளிகைக்குத் தென்னிந்தியாவிலிருந்து கைவினைஞர்களும் தொழிலாளர்களும் வரவழைக்கப்பட்டனர். கொள்ளைநோய்க் காய்ச்சலில் பலர் மாண்டனர். தொழிலாளர்களின் வேண்டுகோளுக்கிணங்க அருகில் மாரியம்மன் கோயிலும் எழுந்தது. அக்கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கிடையே துரையின் உருவமும் உள்ளது. மாளிகையின் வளைவுகளையும் கோயிலின் சிற்பங்களையும் உருவாக்கிய கைகளுக்கு உரியவர் பெயரை, அங்குச் செல்லும் மாணவன் எந்தச் சுவரிலும் படிக்க முடியாது. வேலை நிற்கிறது, வேலை செய்தவன் மறைந்துவிட்டான்.

இதற்கு நேர்மாறான சாட்சியும் மலேசியத் தமிழரிடமே உண்டு. முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் அவர்கள் வடிவமைத்த எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றுள்ளன. 'தமிழ் சங்கம் எம்.என்.' என்னும் எழுத்துருவின் பெயரில் வரும் கடைசி இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகளே. அவர் எந்நாட்டிலும் குடியேற மனுச் செய்தார் என்று நான் கூற வரவில்லை. படைப்பும் படைத்தவர் பெயரும் பிரியாமல் பயணம் செய்தால் அதுவே அசைக்க முடியாத சான்று என்பதைத்தான் சுட்டுகிறேன்.

மேற்சொன்ன அமெரிக்க விதிமுறையில் என்னைக் கவர்ந்த ஓரிடம் உண்டு. ஒருவரைப் பற்றி வெளிவந்த கட்டுரையைச் சான்றாக வைத்தால், அதன் தலைப்பு, திகதி, எழுதியவர் பெயர் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது அவ்விதி. தாளின் மேல்பகுதியில் பெயரும் திகதியும் தலைப்பும் எழுது என்று முதலாம் ஆண்டில் நாம் சொல்லிக் கொடுப்பதும் இதுதானே!

பரிந்துரைக் கடிதங்களுக்கும் இதே நீதி பொருந்தும். 'இவர் மிகச் சிறந்த வடிவமைப்பாளர், கடின உழைப்பாளி' என்ற கடிதம் பத்து இருந்தாலும் பெரிய பயனில்லை. 'இந்த ஆண்டில் இந்தப் பணியில் இந்தப் பகுதியை இவர் வடிவமைத்தார். அதன்பின் இன்ன மாற்றம் நிகழ்ந்தது. பிற நிறுவனங்களும் அம்முறையைப் பின்பற்றின' என்று கூறும் ஒரே கடிதம் பேசும். பிரிட்டனில் 2020 முதல் நடப்பிலுள்ள 'குளோபல் டேலண்ட்' விசாவில் கலை, பண்பாட்டுத் துறையினர் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் அதிகம் போனால் பத்துச் சான்றுகளும் மட்டுமே வைக்கலாம். குவியலுக்கு அங்கு இடமில்லை.

இப்பொழுது நம் பள்ளிகளுக்கு வருவோம். நம் வீட்டு அலமாரிகளில் சான்றிதழ்கள் நிறைந்துள்ளன. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டியில் தங்கம் வென்றனர் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அலுவலர் கேட்கும் கேள்விகளை நாமே கேட்டுப் பார்ப்போம். போட்டியிட்டவர் எத்தனை பேர்? அவர்களுள் தங்கம் பெற்றவர் எத்தனை பேர்? நடுவர்கள் யார்? எந்த அளவுகோலால் மதிப்பிட்டார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பொருளில் பிள்ளை செய்தது எது, ஆசிரியர் செய்தது எது, அப்பா இரவில் உட்கார்ந்து ஒட்டியது எது? இவற்றுக்கு விடையில்லாத பதக்கம் சுவருக்கு அழகு; சான்று ஆகாது. பயணச் செலவுக்குக் கடன் வாங்கும் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சான்றிதழ் வேறு, சான்று வேறு. சான்றிதழைப் பிறர் தருவார்கள். சான்றை நாமே சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு கோப்பும் பேனாவும் போதும். காட்சிக்கலைக் கல்வியில் பிள்ளை வரையும் படத்தின் பின்புறத்தில் திகதியும், எதை எண்ணி வரைந்தான் என்ற இரண்டு வரியும் எழுதச் செய்யலாம். முடிந்த படத்தோடு முதல் கிறுக்கலையும் வைக்கலாம். வளர்ச்சியைக் காட்டுவது அதுவே. குழுவேலையில் 'நான் செய்த பகுதி இது, என் தோழி செய்த பகுதி இது' என்று எழுதப் பழக்கலாம். இது தற்பெருமை அன்று, நேர்மை. பிறர் பங்கை மறைக்காதவனே தன் பங்கை உறுதியாகக் கூற முடியும்.

பிள்ளைகளை நாட்டைவிட்டு அனுப்பவா இத்தனை ஏற்பாடு என்று சிலர் கேட்கலாம். இல்லை. உள்நாட்டுக் கலைக் கல்லூரிகளிலும் வடிவமைப்பு நிறுவனங்களிலும் நேர்முகத் தேர்வில் முதலில் கேட்பது படைப்புக் கோப்பைத்தான். மேலும், தாளில்லாமல் நம் சமூகம் பட்ட பாடு சிறியதன்று. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை உரிமத்தைக் கட்டாயமாக்கியபொழுது, ஆண்டுக்கணக்கில் பால்மரம் சீவியவர்கள் பலர் வேலை இழந்து கப்பலேறினர். அவர்களுடைய உழைப்பைத் தோட்டம் முழுவதும் அறிந்திருந்தது. அதைச் சொல்லும் தாள்தான் கையில் இல்லை.

ஆகவே, பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஆண்டிறுதியில் பழைய தாளோடு எடைக்குப் போகும் வரைபடக் கட்டிலிருந்து ஐந்து படங்களையேனும் தேர்ந்தெடுத்து, பெயரும் திகதியும் இட்டு எடுத்து வையுங்கள். பிள்ளை எதை ஆசையோடு செய்தது என்பதற்குப் பெற்றோரைவிட நல்ல சாட்சி வேறு யார்? உங்கள் பள்ளிகளில் இத்தகைய கோப்பு முறை இருந்தால், அதை எவ்வாறு நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள். பிறரும் பயன் பெறட்டும்.