தட்டில் பழுதா, கணக்கில் பழுதா?



இல்லத்துக் கணிப்பொறியில் இடம் போதவில்லை என்று புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிப் பொருத்துகிறீர்கள். இயந்திரமோ அதனைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொண்டாலும் கொள்ளளவைக் குறைத்துக் காட்டுகிறது. சில வேளைகளில் தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றுவிடுகிறது. உடனே, டிஸ்க் மட்டமானது என்று கடைக்காரரிடம் வழக்காடுவோர் உண்டு. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்ற பேச்சை நம்பிப் பெரும் பணத்தைச் செலவிடுவோரும் உண்டு. இரண்டும் அவசரத் தீர்ப்புகளே. இரண்டு பொருள்களும் நலமாயிருக்க, இடையே நின்று கணக்குப் பார்க்கும் 'பயாஸ்' மட்டும் பழையதாகிப் போயிருக்கக்கூடும்.

பயாஸ் என்பது மதர்போர்டின் சில்லு ஒன்றில் பதிக்கப்பட்டுள்ள நிரலாகும். மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழித்தெழுவது இதுவே. டிஸ்க் எது, அதன் அளவு என்ன என்பதை விசாரித்தறிந்த பின்னரே விண்டோஸ் போன்ற இயக்க முறைமையிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. டிஸ்க்கில் உள்ள இடம் 'செக்டார்' எனும் சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் முகவரி வழங்கப்பட்டுள்ளது. அம்முகவரியை எழுத எத்தனை இலக்கங்கள் ஒதுக்கப்பட்டனவோ, அதற்கு அப்பாலுள்ள இடம் பயாஸின் கண்ணுக்குப் புலப்படாது.

தொடக்க காலத்தில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்பதே எல்லை. செக்டாருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 528 மெகாபைட்டோடு கணக்கு முடிந்துவிடும். அதனைத் தாண்டியபோது 8.4 கிகாபைட் என்ற வேலி குறுக்கிட்டது. 1999ஆம் ஆண்டுக்கு முற்பட்ட அவார்டு பயாஸ்கள் பலவும், சிலிண்டர் எண்ணிக்கை 65,535ஐக் கடந்ததும், அதாவது 33.8 கிகாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கைக் கண்டதும், திகைத்து நின்றுவிட்டன. போர்டு தயாரிப்பாளர்கள் திருத்திய பயாஸை வெளியிட்டனர். அது கிடைக்காதவர்களுக்காக, டிஸ்க் தன்னை 32 கிகாபைட் என்றே கூறிக்கொள்ளுமாறு செய்யும் 'ஜம்பர்' வசதி டிஸ்க்குகளிலேயே தரப்பட்டது. மிகுதி இடம் வீணாயிற்று என்பது உண்மையே.

அடுத்து வந்த 137 கிகாபைட் எல்லை இன்னும் அபாயமானது. ஐந்து இலக்க மின்சார மீட்டர் 99999க்குப் பின் 00000 என்று திரும்புவதை அறிவீர்கள். 28 பிட் முகவரியும் அவ்வாறே. 48 பிட் முறையை அறியாத பழைய கணிப்பொறியில் பெரிய டிஸ்க்கைப் பூட்டினால், எல்லைக்கு அப்பால் எழுத வேண்டியது தட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, முன்பிருந்தவற்றை அழித்துவிடக்கூடும். மகளின் திருமணப் படங்களும், மறைந்த வாப்பாவின் குரல் பதிவும் இருந்த இடம் அதுவானால், இழப்பை எந்தப் பணத்தால் ஈடுசெய்வது?

ஆகவே, முறையோடு செயல்படுவோமாக. முதலில் கேபிளையும் மின் இணைப்பையும் சரிபாருங்கள். வேறொரு கணிப்பொறியில் டிஸ்க்கைச் சோதியுங்கள். அங்கே முழு அளவும் தெரிந்தால் டிஸ்க் குற்றமற்றது. பழைய பதிவுகள் உள்ள டிஸ்க்கைக் காட்டி, "ஃபார்மேட் செய்யவா?" என்று திரை கேட்குமானால் ஒருபோதும் இசையாதீர்கள்.

பின்னர், போர்டில் அச்சிட்டுள்ள மாடல் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு, அந்தப் போர்டைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டுமே புதிய பயாஸைப் பெறுங்கள். டிஸ்க் தொடர்பான திருத்தம் அதில் உண்டா என்று குறிப்பைப் படியுங்கள். இல்லையெனில், நன்றாக இயங்கும் பயாஸைத் தொடாதிருப்பதே மேல்.

தொடங்குமுன் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். 'சாட்டா' அமைப்பு 'ஏ.எச்.சி.ஐ.' முறையில் உள்ளதா, வேறா என்று குறித்து வையுங்கள். புதுப்பித்தபின் அது மாறிவிட்டால் விண்டோஸ் எழும்பாது போகலாம். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதனைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் இப்பணியில் இறங்காதீர்கள். எழுதும் நடுவே மின்சாரம் நின்றால், மீட்பு வசதியில்லாத போர்டு உயிரற்றுப் போகும்.

எல்லா நோய்க்கும் இது மருந்தன்று. 2.2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் பழைய 'எம்.பி.ஆர்.' முறையில் பிரித்தால் மிகுதி இடம் கிட்டாது, 'ஜி.பி.டி.' முறை வேண்டும். அத்தகைய டிஸ்க்கிலிருந்தே விண்டோஸ் தொடங்க வேண்டுமெனில், போர்டில் 'யு.இ.எஃப்.ஐ.' இருத்தல் அவசியம்.

பழுது பார்க்கும் தொழிலில் உள்ள இளைஞர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் மேசைக்கு வரும் டிஸ்க், ஒரு குடும்பம் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம். காரணம் அறியுமுன் அதனை அழிக்கவும் வேண்டாம்; புதிய போர்டு வாங்குமாறு அவர்களை அலைக்கழிக்கவும் வேண்டாம்.