கூடியும் பேசாதவர்கள்

முகப்பேர் ஏரித் திட்டத்துத் தெருக்களிலும் அடுக்கு மாடிகளிலும் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விருந்து நடத்தும் வழக்கம் பெருகிவிட்டது. அது கூடுமா, கூடாதா என்பதை ஆலிம்கள் ஆராயட்டும். நாம் கேட்பது வேறு: கூடியபின் அங்கே என்ன பேசப்படுகிறது?

ஒலிபெருக்கி அலறுகிறது. இளைஞர்கள் கைபேசியில் மூழ்கியிருக்கின்றனர். சுவரோர நாற்காலிகளில் பெரியவர்கள் பிரியாணி வரும்வரை வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். வாய் திறந்தாலோ, "சம்பளம் எவ்வளவு?", "மகளுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையவில்லையா?", "பிள்ளை ஏன் இப்படிக் கறுத்துவிட்டான்?" என்னும் வினாக்கள். இவை உரையாடலா? விசாரணை! ஒருவரையொருவர் எள்ளுவதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் திருமறையின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் விலக்கியிருக்கிறது. அதை ஓதும் நாவுதான் விருந்துக் கூடத்தில் இப்படிப் பேசுகிறது.

"நகர வாழ்க்கையில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்பார் உளர். வினா விடையையே ஓர் இலக்கிய வகையாக்கி, 'மசலா' என்று பெயரிட்டுத் தமிழுக்கு வழங்கிய சமுதாயம் கேட்கும் கேள்வியா இது? வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்துல்லாஹ் இப்னு சலாம் வினவ, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விடை பகர்வதாக அமைந்த நூல் அது. வினவுபவர் சோதிக்கவே தொடங்கினும் மெய்யறியக் கேட்கிறார். விடை தெளிந்ததும் ஏற்கிறார். நல்லுரையாடலுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ?

அந்தச் சுவரோர நாற்காலியில் இருக்கும் மூதாட்டி காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். காலையில் உண்பதைப் 'பசியாறுதல்' என்றும் குழம்பை 'ஆணம்' என்றும் வழங்கும் தமிழ் அவர் நாவில் இருக்கிறது. கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய ஆண்களின் கதையும், அவர்களுக்காகக் காத்திருந்த பெண்களின் கதையும் அவர் நெஞ்சில் இருக்கின்றன. பேரப்பிள்ளை கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. அத்தனையும் ஒருநாள் அவருடன் கபுறுக்குள் போய்விட்டால், பிறகு எங்கே தேடுவோம்?

ஆதலின், விருந்து வைப்போரே! அரைமணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வந்திருக்கும் அண்டை வீட்டாரும், அவர்கள் எம்மதத்தினராயினும், அதில் அமரட்டும். பிறந்தநாள் காணும் பிள்ளை பெரியவர் ஒவ்வொருவரிடமும் ஒரு வினா கேட்கட்டும்: "என் வயதில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்? என்ன விளையாடினீர்கள்?" விடை முடியும்வரை எவரும் குறுக்கிட வேண்டா. ஊதியமும் நிறமும் திருமணமும் பேச்சில் வேண்டா.

இதற்குக் காசு செலவில்லை. கேட்கும் மனம் ஒன்றே வேண்டும். அதுவும் இல்லையெனில், பிரியாணியைப் பொட்டலம் கட்டி வீடுதோறும் அனுப்பிவிடலாமே, கூடுவது எதற்கு?