யாருக்கு உதவி?



"என் இல்லத்திலா அநீதி? அவளுக்கு நான் எவ்வளவு உதவி செய்கிறேன், தெரியுமா?" என்று மார்தட்டும் மணாளர்களை நீங்கள் அறிவீர்கள். நீங்களே அவர்களுள் ஒருவராக இருக்கவும் கூடும். கோபம் வேண்டாம், கேளுங்கள்.

உதவி! எத்துணை ஒய்யாரமான சொல்! அடுத்தவர் வேலைக்குத் தோள் கொடுத்தால் அதற்குப் பெயர் உதவி. தான் உண்ட தட்டைத் தானே கழுவுவதும், தான் பெற்ற பிள்ளையைத் தானே குளிப்பாட்டுவதும் யாருக்குச் செய்யும் உதவி? அந்தச் சொல்லை உச்சரித்த மாத்திரத்தில், வேலை முழுவதும் அவளுடையதே என்று பத்திரம் எழுதிப் பதிவும் செய்தாகிவிட்டதே!

கணக்கைப் பாருங்கள். 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம். ஆணோ 88 நிமிடம். அந்த 88-ம் எல்லா ஆண்களின் சராசரி அன்று; வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி! அப்படிக் கை வைத்தவர்கள், 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 26 பேர்தான். ஏனையோர்? நாற்காலியிலே திருவோலக்கம்!

இவ்வளவும் இருக்க, "பங்கீடு நியாயந்தானா?" என்று கேட்டால் கணவன் தலையசைக்கிறான். வியப்பு என்னவென்றால், பல இல்லங்களில் மனைவியும் தலையசைக்கிறாள். ஏன்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

அவன் தன்னை மனைவியோடு ஒப்பிடுவதில்லை, தகப்பனோடு ஒப்பிடுகிறான். உண்ட இலையைக்கூட எடுத்தறியாத தகப்பன்! அவரோடு ஒப்பிட்டால், வாரத்தில் ஒருநாள் காப்பி போடுகிறவன் கர்ணனேதான். அவளோ தாயை நினைக்கிறாள். கிணற்றிலே இறைத்து, உரலிலே இடித்து, அடுப்புப் புகையிலே கண் கெட்டுப்போன தாய்! மிக்சியும் குக்கரும் உள்ள தனக்கு என்ன குறை என்று தேற்றிக்கொள்கிறாள். ஒரு தட்டிலே கணவனின் உழைப்பை வைத்தால், மறு தட்டிலே மனைவியின் உழைப்பையல்லவா வைக்க வேண்டும்? வைத்திருப்பதோ அப்பனின் சோம்பலை! இந்தத் தராசு நியாயம் என்றுதானே காட்டும்?

நாடக மேடையிலும் இதே கதைதான். நாயகி காப்பி கொண்டுவருவாள், நாயகன் பருகுவான், வசனம் முழங்கும். குவளையைக் கழுவும் காட்சி எந்த நாடகத்தில் வந்தது?

"சம்பாதிப்பவன் நானல்லவா?" என்பார்கள். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அதற்கு விடை கூறியது. வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து, ஆகவே தனக்கே என்றான் ஒரு கணவன். வீட்டையும் மக்களையும் அவள் காத்ததால்தானே அவனால் அங்கே பொருளீட்ட முடிந்தது என்று கண்ட நீதிமன்றம், அத்தகைய சொத்தில் மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

அவளும் சம்பாதிக்கும் இல்லங்களில்? மாலையில் இருவரும் ஒரே பேருந்திலிருந்து இறங்குகிறார்கள். ஒருவர் தொலைக்காட்சிக்கு, மற்றவர் அடுப்புக்கு. பால் தீர்ந்தது, எரிவாயு உருளைக்குப் பதிய வேண்டும், மாமனாரின் மாத்திரை இன்னும் இரண்டு நாளைக்குத்தான் வரும்... இவற்றை நெஞ்சிலே சுமப்பதற்கு எந்தக் கடிகாரத்தில் கணக்கு?

இன்று ஞாயிறு. இந்த ஏட்டைப் புரட்டும் ஓய்வு உங்களுக்கு வாய்த்திருக்கிறது. சற்றே அடுக்களைப் பக்கம் செவி சாயுங்கள். கிரைண்டர் சுற்றும் ஓசை கேட்கிறதா? மாவை வழித்தபின் அந்தக் கல்லைக் கழுவப்போவது யார், தோழரே?