தலைவர் விலகினால் பணி நிற்குமா?

பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், 2018 ஜூலையில் அதன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மொழியில் புதிய குறியீடு ஒன்றைச் சேர்ப்பது குறித்து எழுந்த கடும் வாக்குவாதம் அவரைக் களைப்படைய வைத்திருந்தது. அடுத்த தலைவரை அவர் நியமிக்கவில்லை. பெரும்பாலும் தொண்டூழியர்களான சக நிரலாளர்களே புதிய நிர்வாக முறையை விவாதித்து வாக்களித்தனர். 2019இல் ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்தனர். வான் ரோசமும் அந்த ஐவரில் ஒருவரானார்.

நம் கல்லூரித் தமிழ்ப் பேரவைகளில் பல நேரங்களில் ஒருவரே எல்லாச் சுமையையும் தாங்குகிறார். அவர் பட்டம் பெற்றுச் சென்றதும் நிகழ்ச்சிகள் தடுமாறுகின்றன. பொறுப்புகளைப் பகிர்வோம், எந்த வேலையை எப்படிச் செய்வது என்று எழுதி வைப்போம். களைத்தவர் விலக விரும்பினால், பழிக்காமல் நன்றி சொல்வோம். இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.