கல்விப் பயணத்தின் நாளைக் குறிப்பது எது?

மாணவர்க்குக் காடுகளையும் நீர்நிலைகளையும் நேரில் காட்டவேண்டும் என்பதில் இன்று எவருக்கும் மாறுபாடு இல்லை. ஆயின் அப்பயணத்தின் நாளைப் பெரும்பாலும் தேர்வு அட்டவணையும் பேருந்து வாடகையுமே குறித்துவிடுகின்றன. இவ்வழக்கத்தின் குறையை இராஜஸ்தானத்துப் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவைக் கொண்டு ஆராய்தல் தகும்.

ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அவ்விடம் இயற்கை தானே அமைத்ததன்று. தாழ்ந்த நிலத்தில் கரைகள் எழுப்பி, அஜான் அணையின் நீரைப் பாய்ச்சி, பரத்பூர் மன்னர்கள் அதனை வாத்து வேட்டைக்கு உரியதாக்கினர். 1938-ஆம் ஆண்டு நவம்பரில், வைசிராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. வேட்டைக் கணக்குகள் பொறித்த கற்பலகையைக் கோயிலருகே காணலாம். அதன்முன் மாணவரைக் கால்மணி நேரம் நிறுத்துவது நம் சொற்பொழிவுகள் பலவற்றினும் மேலானது.

அங்கே பருவத்தை வகுப்பது நீர். மழைநீர் நிரம்பியபின் மஞ்சள்மூக்கு நாரைகள் கருவேல மரங்களிற் கூடு கட்டுகின்றன. குளிர்காலத்தில் வடதிசை வாத்தினங்கள் வந்திறங்குகின்றன. மே மாத விடுமுறையில் வரும் மாணவனோ பெரும்பாலும் வெடித்த சேற்றைக் கண்டு, இதற்கா இத்தனை ஆரவாரம் என்று திரும்புகிறான். மழை பொய்த்த ஆண்டில் டிசம்பரிலும் இந்நிலை நேரலாம். ஆதலின் ஆசிரியர் பூங்கா அலுவலகத்தை முதலிற் கேட்கவேண்டுவது நுழைவுக் கட்டணத்தை அன்று, நீரின் அளவையே.

ஆக்ராவிலிருந்தும் மதுராவிலிருந்தும் விடியலிற் புறப்பட்டுக் காலை வேளையைப் பயன்படுத்தலாம். டில்லியிலிருந்து வருவோர்க்கு முற்பகலின் பெரும்பகுதி வழியிலேயே கழியும். அவர்கள் ஒருநாட் பயணமாக இதை மேற்கொள்ளாமையே நன்று. உள்ளே சைக்கிள் ரிக்ஷா ஓட்டுவோரிற் பலர் பறவைகளை நன்கறிந்தவர்கள். அவர்களைப் பேசவிட்டு ஆசிரியர் சற்று மௌனமாயிருப்பது நலம். (இது நமக்கு எளிதன்று!)

பழைய கையேடுகளை நம்பிச் சைபீரியக் கொக்கைக் காட்டுவதாக மாணவர்க்கு வாக்களிக்கலாகாது. அது அங்குக் கடைசியாகக் காணப்பட்டது 2002-ஆம் ஆண்டில். அதனைவிடக் கருதத்தக்க பாடம் மற்றொன்றுண்டு. தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதையொட்டி 1982-இல் எருமை மேய்ச்சல் தடுக்கப்பட்டது. மேய்வாரற்ற பாஸ்பாலம் என்னும் புல் நீர்ப்பரப்பை அடர்ந்து மூடிற்று. திறந்த நீரை நாடும் பறவைகளுக்கு இடம் குறைந்தது. நல்லெண்ணத்துடன் இட்ட தடையே தீங்காயிற்று என்பதை உயர்வகுப்பு மாணவரிடம் மறைத்தல் வேண்டா.

பள்ளியின் நாளை மாற்ற இயலாது என்பர். அங்ஙனமாயின் மே மாதத்தில் பரத்பூர் செல்வதினும் ஊர்க்குளத்தின் கரையில் ஒரு காலைப்பொழுதைக் கழிப்பது மேல், செலவுமில்லை. களப்பணியாளரும் நூறு மாணவரை ஒருங்கே உள்ளே விடாது, பதினைவர் கொண்ட குழுக்களாகப் பிரித்தனுப்ப வேண்டும். நீர்மட்டத்தை மாதந்தோறும் அண்டையிலுள்ள பள்ளிகளுக்கு எழுதியனுப்பவும் ஓர் அஞ்சலட்டை போதும்.